கீமோ நோயாளிக்குக் காய்ச்சலா? கஷாயம் வேண்டாம்!

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. புத்தூரில் என் வைத்தியசாலையைப் பூட்டும் நேரம், ஒரு பெண் மூச்சிரைக்க வந்தார். "ஐயா, அம்மாவுக்குக் காய்ச்சல். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் வேணும்."

விசாரித்தேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். பத்து நாள் முன்புதான் கீமோதெரபி மருந்து ஏற்றியிருக்கிறார்கள். காறை எலும்புக்குக் கீழே 'போர்ட்' வைத்திருக்கிறது.

"சூரணம் தர மாட்டேன்மா. இப்பவே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவருக்குக் கோபம்தான்!

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? போர்ட் என்பது தோலுக்கு அடியில் புதைத்து வைக்கும் சின்னச் சிமிழ். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும். கையில் நரம்பைத் தேடித் தேடிக் குத்த வேண்டியதில்லை. 1980-களில் வந்த நல்ல சாதனம், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நம் தோலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் அது பிடித்துப்போகிறதே! ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று ஒன்று. தோலில் இருக்கும்வரை சாது. ஊசி நுழையும் வழியாக உள்ளே போய்விட்டால், குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுவென்று ஒரு படலம் கட்டி, அதற்குள் குடித்தனம் நடத்தும். 'பயோஃபிலிம்' என்பார்கள். காலையில் பல்லில் படிந்திருக்கும் அழுக்கும் இதே ஜாதிதான். உய்யக்கொண்டான் வாய்க்கால் படித்துறையில் கால் வழுக்கியிருக்கிறதா? அந்த வழுவழுப்பு, எத்தனை தண்ணீர் ஓடினாலும் போகாது, தேய்த்தால்தான் போகும். குழாய்க்குள் யார் தேய்ப்பது? ரத்தத்தில் மிதக்கும் கிருமியை ஆன்டிபயாடிக் கொல்லும். படலத்துக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் தப்பித்துவிடும். அதனால்தான் சில சமயம் போர்ட்டையே எடுத்துவிடுகிறார்கள்.

கீமோ ஏற்றி 7 முதல் 14 நாட்களில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சீழ் கட்டவும் வெள்ளணு வேண்டுமல்லவா? ஆகவே போர்ட் இருக்கும் இடம் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கலாம். காய்ச்சல் ஒன்றுதான் தடயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அர்த்த ராத்திரியானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டு மறைக்காதீர்கள். போர்ட்டில் மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தாலும் உடனே சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, "போர்ட் இருக்கிறது, இந்தத் தேதியில் கீமோ" என்று சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காரியம் ஒன்றும் உண்டு. போர்ட் மேல் மஞ்சள் பற்று, குப்பைமேனி, எண்ணெய் எதுவும் வேண்டாம். நானே சொல்கிறேன்!

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். ரத்தத்தில் கிருமி இருந்ததாம். போர்ட்டை எடுத்துவிட்டார்களாம். அம்மா வீட்டுக்கு வந்து, இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று சண்டை போடுகிறாராம். இந்தத் தடவை இருமல் இவருக்கு. ஆடாதோடை கொடுத்தனுப்பினேன்.