தசையைக் காக்கும் அறுவை

மனிதன் பிறக்கும்போது அவனது முதுகெலும்புத் தொடரில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. வளர வளர, இடுப்பின் பின்புறமுள்ள ஐந்து எலும்புகள் ஒன்றாக இணைந்து ஒரே எலும்பாகின்றன. இயற்கை செய்யும் இவ்விணைப்பை, நோயின் பொருட்டு வேறோரிடத்தில் நிகழச் செய்வதே முள்ளெலும்பு இணைப்பு அறுவை. 1911ஆம் ஆண்டு நியூயார்க் நகர மருத்துவர்களான ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி ஆகிய இருவரும் தனித்தனியே இம்முறையை வெளியிட்டனர். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய்க்கே அன்று அது பயன்பட்டது. இன்றோ, ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின்மீது நழுவி நரம்பை அழுத்தும் நிலைக்கும் இது மேற்கொள்ளப்படுகிறது.

எலும்புகளை மருத்துவர் நேரடியாக ஒட்டுவதில்லை. பழுதுற்ற இடைத்தட்டை நீக்கி, அவ்விடத்தில் எலும்புத் துகள்கள் நிரம்பிய சிறு கூட்டை வைக்கிறார். திருகாணிகளாலும் தண்டுகளாலும் இரு எலும்புகளையும் அசையாது நிறுத்துகிறார். முறிந்த காலுக்கு மாவுக்கட்டு எவ்வாறோ, அவ்வாறே இவ்வுலோகம் உள்ளிருந்து உதவுகிறது. புதிய எலும்பு வளர்ந்து இணைப்பு உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும்.

பழைய முறையில் முதுகை நீளமாகக் கீறி, தசைகளை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்க வேண்டியிருந்தது. முதுகைத் தாங்கும் அத்தசைகளே அதனால் நலிவுற்றன. இக்குறையைக் களையவே நுண்துளை முறை தோன்றியது. தசையிழைகள் தறியின் பாவு நூல்களைப் போன்றவை. அறுக்காமலே அவற்றை விலக்கலாம். மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன்மேல் சற்றுப் பெரிய குழாய்களை ஒவ்வொன்றாக நுழைத்து, ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுள்ள வழியை அமைக்கின்றனர். நுண்ணோக்கியின் துணையுடன் அவ்வழியே அறுவை நடைபெறுகிறது. திருகாணிகளைச் செலுத்த ஊடுகதிர்ப் படங்கள் வழிகாட்டுகின்றன. இதனால் குருதியிழப்பு குறைகிறது. நோயாளி விரைவில் எழுந்து நடக்கிறார்.

எனினும் இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. ஊடுகதிரை மிகுதியாகப் பயன்படுத்த நேர்வதால் மருத்துவக் குழுவினர் ஈயக் கவச உடை அணிகின்றனர். குறுகிய வழியில் பணியாற்ற நீண்ட பயிற்சி தேவை. கடுமையாக வளைந்த முதுகெலும்புக்குத் திறந்த அறுவையே பெரும்பாலும் பொருந்தும்.

தழும்பு சிறிதாயினும் அறுவை சிறிதன்று. இணைந்த எலும்புகளுக்கிடையே அசைவு நின்றுவிடுகிறது. அருகிலுள்ள மூட்டுகள் அச்சுமையையும் ஏற்கின்றன. ஆகவே, எவ்வளவு சிறிய துளை என வினவுமுன், இவ்விணைப்பு உண்மையிலேயே தேவைதானா என வினவுதலே அறிவுடைமை.