ராத்திரியோடு ராத்திரியாக பிமினிக்கு!

மயாமியை ஒட்டிய கீ பிஸ்கேன் தீவின் தென்கோடியில் நோ நேம் ஹார்பர் என்று ஒரு குட்டித் துறை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே 30 அடி, 35 அடி பாய்மரப் படகுகள் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே ஊர்தான்: பஹாமாஸின் பிமினி. தூரம் சுமார் 80 கிலோமீட்டர். ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்குப் பின்னால் எவ்வளவு வேலை நடக்கிறது தெரியுமா?

எல்லாவற்றுக்கும் காரணம் நடுவில் வடக்கு நோக்கிப் பாயும் வளைகுடா நீரோட்டம். 1513-ல் ஸ்பானியக் கடலோடி போன்ஸ் தே லியோனின் கப்பல்கள் நல்ல காற்றில் பாய் விரித்தும் முன்னேற முடியாமல் பின்னால் தள்ளப்பட்டது இந்த ஃபுளோரிடாக் கரையோரத்தில்தான். வடக்கிலிருந்து காற்றடித்தால் யாரும் நங்கூரத்தைத் தொடவே மாட்டார்கள். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும்போது அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும்பும். காற்று தெற்கு, தென்கிழக்குப் பக்கம் திரும்பும்வரை எத்தனை நாளானாலும் பொறுக்க வேண்டியதுதான்.

திரும்பிவிட்டதா? உடனே துறை முழுக்கப் பரபரப்பு! ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே ஒரே பாத்திரத்தில் சமைத்து வைக்கிறார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் தன் கீலில் ஆடி ஆடி நிமிர்ந்தே நிற்கிறது; கெட்டிலில் தண்ணீர் தளும்புவதுகூட இல்லை. படுக்கையின் ஓரத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். உருண்டு விழாமல் தூளிக்குள் கிடக்கிற மாதிரி தூங்கலாம். மேல்தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு பட்டை. இடுப்புக் கயிற்றின் கொக்கியை அதில் மாட்டாமல் இருட்டில் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. உள்ளே சிவப்பு விளக்குதான். வெள்ளை வெளிச்சம் பட்டுவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கணக்கு! படகின் வேகம் மணிக்கு 5 கடல் மைல். நீரோட்டம் சராசரியாக 2.5. அப்படியென்றால் பிமினியைப் பார்த்துப் படகை ஓட்டினால் பிமினிக்குப் போக முடியாது. மூக்கை ஏறக்குறைய 30 டிகிரி தெற்கே திருப்பி வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க முகம் ஒரு பக்கம், போகிற வழி இன்னொரு பக்கம்! முதல் தடவை ஜி.பி.எஸ். திரையில் இதைப் பார்க்கிறவர்கள் நம்ப முடியாமல் திசைகாட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். கரையிலிருந்து கிளம்புவது ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேல். ஏனென்றால் கிழக்கே போகிறவர்களுக்கு விடிகாலைச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், ஆழமில்லாத இடம் தெரியாது. அது மேலே ஏறின பிறகுதான் கரையை நெருங்க வேண்டும்.

நடுக்கடலில் முறை வைத்துக் காவல். மயாமியின் வெளிச்சம் வெகு நேரம் பின்னால் வானத்தில் தெரியும். முன்னால் சரக்குக் கப்பல்கள், உல்லாசக் கப்பல்கள். ஒரு கப்பலின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நமக்குத் தெரிகிறது, பச்சை மட்டும் என்றால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிகிறதா? அது நம்மை நோக்கி வருகிறது! உடனே கேப்டனை எழுப்பு! இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கப்பல் நெருங்க நெருங்க அது இருக்கும் திசை மாறாமலே இருந்தால் மோதப்போகிறது என்று அர்த்தம்.

காலையில் பாருங்கள் கூத்தை! நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தின் கருநீலம் சட்டென்று முடிந்து, அடிமணல் தெரியும் வெளிர்பச்சை நீர் தொடங்குகிறது. ஆழமானியில் எண்கள் மளமளவென்று இறங்குகின்றன; எல்லோரும் முன்பக்கம் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். கயிற்றில் மஞ்சள் கொடி ஏறுகிறது. இன்னும் அனுமதி வாங்கவில்லை என்று அதற்குப் பொருள். கேப்டன் மட்டும் பாஸ்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கு இறங்குகிறார். அவர் திரும்பி வந்து பஹாமாஸ் கொடியை ஏற்றும்வரை மற்றவர்கள் படகை விட்டு இறங்கக் கூடாது. இறங்குவதற்கு யார் விழித்திருக்கிறார்கள்? பாதிப் பேர் அதற்குள் குறட்டை!