காற்சட்டைப் பைக்குள் ஒரு மலை

என் மகனுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்தால் காற்சட்டைப் பை நிறையக் கற்கள் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தில் இரண்டு முறை அவை கடகடவென்று உருண்டன. மூன்றாம் முறை என் பொறுமை போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் அவன் சேர்த்து வைத்திருந்ததையும் அள்ளிக் குப்பையில் கொட்டினேன்.

அவன் அழவில்லை. "வெறும் கல்லுதானேம்மா" என்றான். அது நான் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதன்பிறகு பை காலியாகவே வந்தது. கையில் எந்நேரமும் கைப்பேசி. எனக்கு உறுத்தியது.

பள்ளி விடுமுறையில் ஈப்போவிலுள்ள அம்மா வீட்டுக்குப் போனோம். "வாடா, கல் பொறுக்கலாம்" என்று நானே கூப்பிட்டேன். நம்பாமல்தான் வந்தான்.

வாசலில் கிடந்த சாம்பல் நிறக் கல் ஒன்று. ஆற்றோரத்தில் எடுத்த புள்ளிக் கல் ஒன்று. ஆணியால் கீறினோம். சாம்பல் கல்லில் கோடு விழுந்தது. அந்த இடத்தில் இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. "பொங்குதும்மா!" அது சுண்ணாம்புக்கல். கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகி உருவாகும் கல். பத்துமலையும் இதே வகைதான் என்றேன்.

"அப்போ முருகன் கோயில் கடலுக்குள்ளயா இருந்துச்சு?"

"கோயில் இல்லடா, கல்லு!"

புள்ளிக் கல் நுரைக்கவில்லை. அது கருங்கல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதற்குள் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெளிறிய ஃபெல்ட்ஸ்பார், மினுங்கும் மைக்கா எனத் தனித்தனிக் கனிமங்கள் தெரிந்தன. குவார்ட்ஸ் ஆணிக்கு அசையாது. பழைய போத்தலைக்கூடக் கீறிவிடும். 1812இல் மோஸ் என்பவர் வகுத்த கடினத்தன்மை அளவுகோலும் இப்படி ஒன்றால் மற்றொன்றைக் கீறிப் பார்ப்பதுதான்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு பாத்திரத்தில் அரிசியும் தண்ணீரும் எடுத்து வந்து நாலு சிறு கற்களைப் போடச் சொன்னார். சாய்த்துச் சாய்த்து அரித்தார். அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போனது. கற்கள் அடியில் தங்கின.

"கம்பார் பக்கம் பொம்பளைங்க டூலாங் தட்டுல இப்படித்தான் ஈயம் அரிப்பாங்க. மண்ணு தண்ணியோட போயிரும், ஈயம் நிக்கும்."

மணல் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். ஈயத்தாது ஏறக்குறைய ஏழு மடங்கு. கிந்தா பள்ளத்தாக்கை வளர்த்த தொழிலின் சூட்சுமம் எங்கள் சமையலறையிலேயே இருந்திருக்கிறது. எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நீங்களும் தொடங்கலாம். ஆணி, வினிகர், பூதக்கண்ணாடி, காலி முட்டை அட்டை போதும். ஒவ்வொரு கல்லுக்கும் எடுத்த இடம், நாள் எழுதச் சொல்லுங்கள். குகைகளிலும் பூங்காக்களிலும் எதையும் உடைக்கவோ எடுக்கவோ வேண்டாம். சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் நிற்காதீர்கள், பாறை விழும். முக்கியமாக, பிள்ளையைக் கேட்காமல் கொட்டிவிடாதீர்கள்.

முட்டை அட்டையின் முதல் குழியில் அந்தச் சாம்பல் கல் இருக்கிறது. அதன் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறான்: "ஈப்போ, பாட்டி வீடு. அம்மா கூப்பிட்டு எடுத்தது."