புதியதெல்லாம் கண்டுபிடிப்பாகுமா?

சரக்கு டிரெய்லரின் எஃகுச் சட்டத்தை அகற்றி அலுமினியச் சட்டம் பொருத்திய ஒருவர், அமெரிக்காவில் காப்புரிமை கோருகிறார் எனக் கொள்வோம். முன்பு இல்லாத அமைப்பு என்பது மட்டும் போதுமா? போதாது. அத்தொழிலில் சராசரித் திறனுடையார்க்கு எளிதில் புலப்படும் மாற்றத்திற்கு உரிமையில்லை என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு.

இதனை அளப்பது எங்ஙனம்? கலப்பை பற்றிய கிரகாம் வழக்கில் (1966) அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்று வினாக்களை வகுத்தது. முன்னர் அறியப்பட்டவை யாவை? புதியது அவற்றினின்று எங்கே வேறுபடுகிறது? அத்தொழிலோரின் திறன் எத்தகையது? நெடுநாள் தீராத தேவை, பிறர் முயன்று தோற்றமை, வணிக வெற்றி ஆகியனவும் துணைச் சான்றுகளாம். அக்கலப்பையின் காப்புரிமை செல்லாதாயிற்று.

அறிந்த உறுப்புகளை இணைத்து எதிர்பார்த்த பயனையே பெறுவது பெரும்பாலும் வெளிப்படையானதே என்றது கே.எஸ்.ஆர். தீர்ப்பு (2007). ஆகவே, அலுமினியத்தால் எடை குறைந்தது என்பது மட்டும் வாதமாகாது. எவரும் எதிர்பாராத பயன் விளைந்திருப்பின் வழக்கு வலுப்பெறும்.

எனினும், விடை தெரிந்தபின் எவ்விடுகதையும் எளிதே. அளவுகோல் தளர்ந்தால் பொதுச்சொத்து தனியுடைமையாகும். இறுகினால் உழைத்தவன் உரிமை பறிபோகும். நடுநிலை பிறழாமையே நீதி.