அடித்தவன் தேடிப் போக வேண்டும்

போன கார்த்திகையில் மூன்றே ராத்திரியில் என் மரவள்ளியில் பாதி போய்விட்டது.

பந்தலூர் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அரை ஏக்கர் தேயிலை. மீதியில் மரவள்ளி, சேனை, நேந்திரன் வாழை. மரங்களில் மிளகுக் கொடி. எட்டு வருசமாக ரசாயனம் எதுவும் போடுவதில்லை. சாணமும் மூடாக்கும் போட்டுப் போட்டு மண் பொலபொலன்னு ஆகிவிட்டது. மண்புழு நெளிகிற மண் நமக்கு மட்டுமா பிடிக்கும்? பன்றிக்கும் அதுதான் பிடிக்கும். கிழங்கு பாதி, புழு பாதி என்று மூக்காலேயே உழுது போட்டுவிட்டுப் போகிறது. இயற்கை உழவர்கள் பலபேர் இதைச் சொல்லி வருத்தப்படுவதைக் கேட்டிருப்பீர்கள்.

நாலாவது நாள் சாயங்காலம் பக்கத்து லயத்துப் பையன் ஒருத்தன் வந்தான்.

"அண்ணே, பைக்கு கிளட்ச் கேபிள் ஒண்ணு சும்மா கிடக்கு. பன்னி வர்ற வழியில சுருக்குப் போட்டு விடட்டா?"

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அவன் புரிந்துகொண்டான். சுருக்கு வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உழவர் கூட்டங்களில் மைக் பிடித்து பல்லுயிர்ச் சூழல் பற்றிப் பேசுகிறவன் நான். அதனால்தான் வாயைத் திறக்காமலேயே காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலை தோட்டத்துக்குப் போனேன். வேலியோரத்து சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி வட்டமாக மண் உழுது கிடந்தது. மரப்பட்டை ஒரு முழ உயரத்துக்கு உரிந்திருந்தது. கேபிளின் ஒரு முனை மரத்தில் இருந்தது. மறுமுனையை அறுத்து இழுத்துக்கொண்டு பன்றி போய்விட்டது. இலைகளின் மேல் ரத்தம்.

முதலில் வந்தது நிம்மதிதான், மறைக்க மாட்டேன். 'போனது போச்சு, இனி இந்தப் பக்கம் வராது' என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. ரத்தத் தடம் ஓடைப் பக்கம் இறங்குகிறது. எட்டு மணிக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் நடக்கிற ஒற்றையடிப் பாதை அதுதான். வலியில் கிடக்கிற பன்றி ஆளைக் கண்டால் ஒதுங்காது, பாயும்.

நேராகப் பெரியவர் வீட்டுக்கு ஓடினேன்.

வில்லாளியின் வீட்டில்

பெரியவர் முள்ளுக்குறும்பர். கூடலூர், பந்தலூர் வட்டாரத்திலும் வயநாட்டிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மக்கள். நெல் விளைவிப்பவர்கள், வில்லாளிகள். பழசி ராஜா ஆங்கிலேயரை எதிர்த்தபோதும், அவர் 1805இல் இறந்த பிறகு 1812இல் வயநாட்டில் மறுபடி கலகம் மூண்டபோதும் குறிச்சியரோடு சேர்ந்து வில்லெடுத்தவர்கள் குறும்பர்கள். எங்கப்பா இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி இங்கே வந்து இறங்கியபோது, எந்த ஓடைத் தண்ணி குடிக்கலாம், யானை எந்த வழியில் வரும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தது பெரியவரின் குடும்பம்தான். அவர் பேசுகிற தமிழில் மலையாள வாடை இருக்கும்.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பி வச்சது யாரு?"

"என் தோட்டத்துலதான் ஐயா."

"அது தெரியும் மோனே. யாருன்னு கேட்டேன்."

"நான் வேண்டாம்னு சொல்லல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பாரஸ்ட்டுக்கு போன் போடு. பிடிக்கிறது, மருந்து போடுறது எல்லாம் அவங்க வேல. எங்க கிடக்குன்னு தேடிக் காட்டுறது உன் வேல. நான் கூட வாரேன்."

போன் போட்டால் வழக்கு வரும். கை நடுங்கத்தான் செய்தது. போட்டேன். பாதையில் யாரையும் விடவேண்டாம் என்று லயத்துக்கும் சொல்லி அனுப்பினேன். வனக்காவலர்கள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"துப்பாக்கி வேற, வில்லு வேற. குண்டு பட்டா அடியில சாஞ்சிரும். அம்பு பட்டா சாயாது. ரத்தம் இறங்கித்தான் சாகும். நல்ல இடத்துல பட்டாக்கூட ஓடும். அதனால வில்லு எடுத்தவனுக்கு அடிக்கிறது பாதி வேலைதான். தேடிப் போறது மீதி."

பன்றிக்கு நெஞ்சும் ஈரலும் முன்னங்காலை ஒட்டிக் கீழே இருக்கின்றன. கடுவன் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரி தடித்த தோல். அதில் பட்டால் அம்பு உள்ளே போகாது. அதனால் பக்கத்தில் வரும்வரை, அது முன்னங்காலை முன்னே வைக்கும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாதவன் கையில் வில்லைக் கொடுக்க மாட்டார்களாம்.

அம்பு பட்ட பிறகு ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் ஈரல், பொறுத்துப் போக வேண்டும். பச்சைநிறமும் நாற்றமும் கலந்திருந்தால் குடல். அப்போது அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். உடனே துரத்தினால் பயத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. பன்றிக்குக் கொழுப்பு அதிகம். சேற்றில் புரண்டால் காயத்தின் வாயே அடைத்துக்கொள்ளும். ரத்தம் நின்றுவிட்டது என்பதால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

"அப்போ இப்பவும் அரை நாள் இருக்கணுமா ஐயா?"

"இது அம்பு இல்ல மோனே, கம்பி. காத்திருந்தா சாகாது. காலு அழுகி, புழு வச்சு, பத்து நாள் கழிச்சு எங்கயாவது சாகும். இதுக்குக் காத்திருக்கக் கூடாது."

சட்டம் வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் மலைக்கு வந்தது என்று சிரிப்பார். வந்த பிறகு அவர் வில்லைத் தொடவில்லை. ஆனால் இளவயதில் அடித்து, இரண்டு நாள் தேடியும் கிடைக்காமல் போன ஒரு பன்றியை இன்னும் சொல்கிறார். எந்த மேட்டில் ரத்தம் நின்றது, எந்தப் பாறையில் தடம் தொலைந்தது என்று எல்லாம் நினைவிருக்கிறது. சுவையாகச் சாப்பிட்ட பன்றிகளைப் பற்றி அவர் அவ்வளவு சொன்னதில்லை.

தடம்

வனக்காவலர் மூன்று பேர், பெரியவர், நான். தடத்தின் மேல் கால் வைக்காமல் பக்கத்திலேயே நடக்கச் சொன்னார் பெரியவர். கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ஒருத்தர் நின்றுகொள்ள வேண்டும். மற்றவர்கள் அரைவட்டமாக முன்னே தேட வேண்டும். அடுத்த சொட்டு கிடைத்த பிறகுதான் நிற்பவர் நகரலாம். வெயில் நமக்கு எதிரே இருக்கும்படி நின்று குனிந்து பார்த்தால் குளம்புப் பள்ளத்தில் நிழல் விழும், தடம் எழுந்து தெரியும்.

ஈர மண்ணில் மூன்று கால் பதிந்திருந்தது. நாலாவது காலுக்கு ஒரு கோடு மட்டும். கம்பி முன்னங்காலில் மாட்டியிருக்கிறது என்றார் பெரியவர். ரத்தம் செடிகளில் கணுக்கால் உயரத்துக்கு மேல் எங்குமே இல்லை, அதுவும் அதையே சொன்னது. தேயிலைக்குள் ரத்தம் நின்றுவிட்டது. நான் திகைத்து நின்றேன். அவர் புரண்டு கிடந்த சருகுகளைக் காட்டினார். ஈரப்பக்கம் மேலே தெரிந்தால் இப்போதுதான் புரண்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனோம்.

ஓடைச் சேறு வந்தபோது பெரியவர் உட்கார்ந்துவிட்டார். பெரிய தடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குளம்புகள்.

"குட்டிக்காரி" என்றார்.

அதற்கு மேல் உண்ணிச்செடிப் புதர். எங்களை நிறுத்திவிட்டுக் காவலர்கள் மட்டும் சுற்றிப் பார்த்தார்கள். உள்ளிருந்து பல் நறநறக்கும் சத்தம் கேட்டது. கோடு போட்ட குட்டிகள் நாலு பாய்ந்து ஓடின. தாய் எழுந்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து, மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி எடுக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. ராத்திரி முழுக்க மரத்தோடு போராடியிருக்கிறது. மயக்கத்திலிருந்து அது திரும்பவில்லை. விதிப்படி உடலை அங்கேயே எரித்தார்கள்.

பெரியவர் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் காலத்துல ஒரு பன்னி விழுந்தா எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். இது யாருக்கும் பங்கில்லாம போன உசிரு."

அன்றே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். பையன் பெயரை எழுதவில்லை. அவன் கம்பியைக் கட்டினான், அனுமதித்தது என் மௌனம். அபராதமும் கட்டினேன். மரவள்ளியில் போன நஷ்டத்தைவிட அது அதிகம். கட்டியதில் வருத்தமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

பன்றியால் நஷ்டமே இல்லை என்று பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி எங்கள் தோட்டத்தில் வந்து படுக்கட்டும். நம் கோபம் நியாயமானது. கேரளத்தில் 2022இல் பயிரழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும். எங்கள் தோட்டங்களுக்குக் காடுதான் வேலி. எங்களுக்கு இதில் விடிவு இல்லை. அதனால் இழப்பீட்டைத் தாமதமில்லாமல் கேட்டு வாங்குவதும், வேலிக்கு மானியம் கேட்பதும் நம் சங்கத்தின் வேலையாக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் நான் மாற்றியவை இவை. மரவள்ளியையும் சேனையையும் ஓரத்திலிருந்து வீட்டுப் பக்கம் கொண்டுவந்தேன். ஓரத்தில் மஞ்சளும் நெருக்கமாக நாலு வரிசை ஆமணக்கும் போட்டேன். பழைய சேலை வேலி சில வாரம்தான் வேலை செய்கிறது, பன்றி பழகிவிடும். அதனால் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். அழுகிய மீன் கரைசலில் நனைத்த கயிற்றை மழைக்குப் பிறகு மறுபடி நனைக்க வேண்டும். மறந்தால் அன்றைக்கே வந்துவிடும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து சூரிய மின்வேலிக்கு வனத்துறையிடம் விண்ணப்பித்திருக்கிறோம். கீழ்க்கம்பி தரையிலிருந்து ஓரடிக்குள் இருந்தால்தான் பன்றிக்குப் பயன்படும். கரண்டுக் கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதில் யானையும் சாகிறது, தண்ணி பாய்ச்சப் போன மனுசனும் சாகிறான்.

இவ்வளவு செய்தும் ஐந்தில் ஒரு பங்கு கிழங்கு இந்த வருசமும் போனது. முழுசாகத் தடுத்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. காலையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வேலியோரம் ஒரு சுற்று நடக்கிறேன். பன்றித் தடத்தில் கம்பி ஏதாவது கட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறேன். இதுவரை மூன்று அவிழ்த்திருக்கிறேன். லயத்துப் பையனும் இப்போது கூட வருகிறான்.

சுருக்கோ அவுட்டுக்காயோ வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறோம். எது மாட்டியது, எப்படிச் செத்தது, குட்டி இருந்ததா என்று பார்க்கப் போவதில்லை. வில் எடுத்த மனுசருக்கு அந்த வசதி இருக்கவில்லை. அடித்ததைத் தேடிப் போயாக வேண்டும், பார்த்தாக வேண்டும். ஒரு மத்தியானம் நானும் அப்படித் தேடிப் போனேன். இனி யாராவது என் முன்னால் கம்பி பற்றிப் பேசினால், டீயைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள்.