நஞ்சையுமில்லை, புஞ்சையுமில்லை

திருப்பூரை அடுத்த மங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர். ஓரத்தில் சாளை, மாட்டுக் கட்டுத்தரை. நாலடி தள்ளி விசைத்தறிக் கொட்டகை. பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கிறார்கள். கொஞ்சம் தென்னை. மீதிக் காட்டில் மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

சிட்டாவில் மூன்று ஏக்கரும் புஞ்சை. மின்வாரியத்திலோ கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு, கொட்டகைக்கு விசைத்தறி இணைப்பு. 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால், வாரியத்துக்கு அந்த வித்தியாசம் முக்கியம். வருவாய்க் கணக்குக்கு அது தேவைப்படவில்லை. நஞ்சை, புஞ்சை என்ற பிரிவே தீர்வை விதிப்பதற்காக வந்தது. பாசனம் உண்டா, எவ்வளவு விளையும் என்பதோடு அதன் விசாரணை முடிந்துவிடும்.

நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்ப்பது வேளாண் புள்ளிவிவரம். 1950 வாக்கில் நாடு முழுவதற்கும் ஒன்பது வகைகள் வகுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் எழுதும் அடங்கல்தான் இதற்கு அடிப்படை. இந்த ஆண்டு மட்டும் பயிரில்லை என்றால் நடப்புத் தரிசு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கிடந்தால் பிற தரிசு. அதையும் தாண்டினால் சாகுபடிக்கு ஏற்ற தரிசு. எத்தனை காலமாகக் கிடக்கிறது என்பது பதிவாகிறது. ஏன் கிடக்கிறது என்பது பதிவாவதில்லை. கிணறு வற்றியதா, ஆள் கிடைக்கவில்லையா, மனை போட விட்டுவைத்திருக்கிறார்களா? எல்லாம் ஒரே தரிசுதான். தறிக்கொட்டகையோ வீடு, சாலை, ரயில் பாதை, ஆறு, வாய்க்கால் எல்லாவற்றோடும் சேர்ந்து 'விவசாயமல்லாத பயன்பாடு' என்ற ஒரே கட்டத்துக்குள் போகிறது.

இதனால் என்ன நட்டம் என்பதை நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் அனுபவித்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றோடு போய், 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. உப்பேறிய வயலும், மழைக்குக் காத்திருக்கும் வயலும் கணக்கில் ஒன்றுபோலவே தெரிந்தன. கடைசியில் சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2004-ல் 68 கிராமங்களில் 28,000-க்கும் அதிகமான விவசாயிகளுக்கு இழப்பீடு நிர்ணயித்தபோது, உப்பின் அளவை வைத்துப் பாதிப்பைத் தனியாகத் தரம் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையை ஆண்டுதோறும் எழுதப்படும் கணக்கே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

எதிலும் அடங்காத நிலத்துக்குப் பத்தாவதாக 'இதர' என்று ஒரு வகை சேர்ப்பது தீர்வாகாது. அதில் போட்டதெல்லாம் அடையாளமற்றுப் போகும். அமெரிக்கத் திட்டமிடல் சங்கம் வேறு வழியில் போனது. ஒரு நிலத்துக்கு ஒரே பெயர் என்பதை விட்டுவிட்டு, அங்கே நடக்கும் செயல், அதன் பொருளாதாரப் பயன், கட்டடத்தின் வகை, மனையின் நிலை, உடைமை என ஐந்தையும் தனித்தனியாகக் குறிக்கும் முறையை வகுத்தது. நம் தோட்டமும் அப்படிப் பதிவானால் நெசவு, தென்னை, மானாவாரி, குடியிருப்பு நான்கும் தெரியும்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட உடனே வேண்டாம். அடங்கலில் தரிசு என்று எழுதும் இடத்தில் காரணத்துக்கு ஒரு கலம், ஒரே உட்பிரிவில் பல பயன்பாடுகள் இருந்தால் ஒவ்வொன்றின் பரப்புக்கும் ஒரு கலம். இந்த இரண்டையும் அடுத்த பசலியிலிருந்தே தொடங்கலாம்.