எந்த வண்டி வாங்குவது?

இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது நமது பக்கத்து பஸ்களின் பின்புறத்தில் பீப்பாய் போன்ற உலை ஒன்றைக் கட்டி, அடுப்புக் கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். டிக்கெட்டுக்குப் பணமும் கொடுத்து, வண்டியையும் தள்ளிய அந்தப் புண்ணியவான்களை நினைத்தால், இன்று கார் வாங்கப் போகிறவர்களின் சங்கடம் பெரிதல்ல. ஆயினும் சங்கடம் சங்கடந்தானே!

நமது நண்பர் ஒருவர் சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். அவருடைய டீசல் காருக்கு வயது பதினான்கு. தினம் 40 கிலோமீட்டர் ஓடும்; வருஷத்தில் மூன்று தடவை, சுமார் 300 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கும்பகோணத்துக்கும் போய் வரும். அவருடைய பெண் குழந்தைக்கு இழைப்பு உபத்திரவம். வண்டியைக் கிளப்பும் போதெல்லாம் குழந்தையை உள்ளே போகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனுஷர் யோசனையில் ஆழ்ந்ததற்கு இதுவே காரணம்.

டீசலைத் தூஷிப்பதற்கு முன் அதன் பெருமையைச் சொல்லிவிடுவது நியாயம். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-ல் ஓட்டிக் காட்டிய யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அதற்கு அவ்வளவு சிக்கனம். ஆனால் அதன் புகை புற்று நோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கிளை 2012-ல் தீர்ப்புக் கூறிவிட்டது. புதிய வண்டிகளில் கரித்தூளைத் தடுக்கும் வடிகட்டி உண்டென்பது வாஸ்தவமே. நண்பரின் வண்டியில் அது இல்லை.

"ஹைட்ரஜன் கார் வாங்கினால் என்ன? புகைக்குப் பதில் தண்ணீர் அல்லவா சொட்டுகிறதாம்!" என்று கேட்டார் நண்பர். கேள்வி நல்ல கேள்விதான். மத்திய மந்திரி நிதின் கட்கரி 2022 மார்ச்சு மாதத்தில் அத்தகைய காரில் ஏறிப் பார்லிமெண்டுக்குச் சென்றார். ஐந்து நிமிஷத்தில் வாயுவை நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் ஓடும் வண்டி அது.

ஆனால் ஹைட்ரஜன் மண்ணைத் தோண்டினால் எளிதில் கிடைக்கும் பொருளன்று. உலகில் தயாராவதில் மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பிரித்தெடுக்கப்படுகிறது. அந்தத் தொழிற்சாலைகள் கரியமில வாயுவைக் கக்காமல் இல்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தெடுக்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்து, அழுத்தி, வண்டியில் ஏற்ற ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அந்த ஒரு கிலோவில் கார் ஓடுவதோ சுமார் 100 கிலோமீட்டர். அதே 55 யூனிட்டை நேரே பாட்டரியில் ஏற்றினால் மின்சாரக் கார் கும்பகோணமே போய்ச் சேர்ந்துவிடும்!

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். 100 கிலோமீட்டருக்கு டீசல் கார் 5 லிட்டர் குடித்து, 13 கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கரியமில வாயுவை விடுகிறது. மின்சாரக் காருக்கு, சேதாரம் உட்பட, 17 யூனிட் வேண்டும். நமது தேசத்து மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியில் விளைவதால், அதற்காக அனல் மின் நிலையம் விடும் வாயு 12 கிலோ. வித்தியாசம் அற்பமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூரிய சக்தியும் காற்றாலையும் பெருகப் பெருக இந்தக் கணக்கு மாறும். அதே நிலக்கரி மின்சாரத்தில் செய்த ஹைட்ரஜனுக்கோ 38 கிலோ! பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். ரயிலுக்கு அது உதவக்கூடும். வீட்டுக் காருக்கு உதவுமென்று நமக்குத் தோன்றவில்லை.

ஆக, மின்சாரக் கார்தான். நிலக்கரிப் புகை எங்கோ எழுந்தாலும், குழந்தையின் ஜன்னலடியில் எழாதல்லவா? கும்பகோணத்துக்குப் போகும்போது வழியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வேக மின்னேற்றம் செய்துகொண்டால் போதும். காப்பி சாப்பிடுகிறவர்களுக்கு அது தண்டனையாகாது. பாட்டரியின் உள்ளே இருக்கும் மின்கலங்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன என்பது மனத்தை உறுத்தவே செய்கிறது. டீசலுக்கான கச்சா எண்ணெயிலும் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கப்பலில்தானே வருகிறது? எண்ணெய் எரிந்து போகும். பாட்டரி பல வருஷம் உழைக்கும்.

வீட்டில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால், 45 யூனிட் பாட்டரி முழுவதும் நிரம்ப ஏறக்குறைய 15 மணி நேரமாகும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரவில் மூன்று மணி நேரமே போதும். நமது மின்சார வாரியக் கட்டணத்தில் முதல் சில யூனிட்டுகள் இலவசம். அப்பால் உபயோகம் ஏற ஏற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம். சேர்த்த பிறகும் டீசலைவிட மலிவுதான்.

எல்லாம் தீர்ந்தது என்று எண்ணினோம். "பிளக் எங்கே வைப்பது?" என்றார் நண்பர். வண்டி நிற்பதோ தரைத் தளத்தில். மீட்டர் இருப்பதோ பொதுச் சுவரில். அந்தச் சுவரில் துளையிடக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும். சங்கத்தின் காரியதரிசிக்கு, மின்சார வண்டி என்றால் தானே தீப்பிடிக்கும் என்ற திடமான நம்பிக்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நண்பர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, மேற்படி கணக்குகளையெல்லாம் பெரிய எழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்.